மீ கோரெங்கை முன்கூட்டியே செய்து வைப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள், வேலை முடிந்து வரும் வழியில், அடுக்குமாடிப் புளோக்கின் கீழுள்ள காப்பிக்கடையில் மீ கோரெங் (காரமாகக் கிளறிய மஞ்சள் நூடுல்ஸ்) பொட்டலம் வாங்கி வந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாமியாருக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதனால் ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் நிறையக் கிளறி, டப்பாக்களில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தீர்கள். செவ்வாய்க்கிழமை எடுத்துப் பார்த்தபோது மீ ஒரே கட்டியாக இறுகியிருந்தது, சூடாக்கியதும் களியைப் போல் குழைந்துவிட்டது, பிள்ளைகள் தொடவில்லை. எண்ணெயைப் பாதியாகக் குறைத்ததுதான் தவறா என்று கேட்கிறீர்கள்.

எண்ணெயின் மேல் பழியில்லை. கிளறி முடித்த மீயைச் சேமிக்க முயன்றதுதான் தவறு. இளவயதில் ஆறாண்டுகள் என் தாய்மாமாவின் மீ கோரெங் கடையில் காய் நறுக்கி, மிளகாய் அரைத்து, பிறகு வாணலியும் பிடித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். கேட்டதும் கிளறித் தரும் கடைகளில் மீ கோரெங்கை முன்கூட்டியே செய்து வைக்க மாட்டார்கள். மற்ற அனைத்தையும் முன்கூட்டியே செய்து வைத்திருப்பார்கள். மிளகாய் விழுது முதல்நாள் மாலையே வதக்கி ஆறியிருக்கும். உருளைக்கிழங்கு வெந்து துண்டாகியிருக்கும். தாவ் குவா (கெட்டியான தோஃபு) பொரிந்திருக்கும். கோஸும் சாய் சிம் கீரையும் நறுக்கிக் கூடையில் இருக்கும். வாடிக்கையாளர் கேட்ட பிறகு அடுப்பில் நடப்பது மூன்று நிமிட வேலை மட்டுமே. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது அந்தக் கடையின் காலை நேர வேலையைத்தான். அதன் மதிய நேர வேலையை அன்றன்று இரவில் செய்ய வேண்டும். வீட்டு அடுப்பில் அது எட்டு அல்லது பத்து நிமிடம் பிடிக்கும். கீழே இறங்கிப் போய் வரிசையில் நின்று வாங்கி வரும் நேரத்தைவிட அது கூடுதல் இல்லை.

மீ ஏன் கட்டியாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மீதி வேலை எளிதாகும். வெந்த மாவுப்பொருள் நீரை உறிஞ்சி உப்பி மென்மையாகிறது. ஆறும்போது அது மெல்ல மெல்லத் தன்னை இறுக்கிக்கொண்டு அந்த நீரை வெளியே தள்ளுகிறது. பழைய சோறு குளிர்பதனப் பெட்டியில் விறைத்துப் போவதும் இதனால்தான். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது நம் குளிர்பதனப் பெட்டி இயங்கும் வெப்பநிலையில்தான், இந்த இறுக்கம் மிக விரைவாக நடக்கும். கிளறிய மீயில் இதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது: தக்காளி, கோஸ், தவ்கே (முளைப்பயறு) ஆகியவை இரண்டு நாளாக விட்டுக்கொண்டிருக்கும் நீரையெல்லாம் மீ குடித்துவிடுகிறது. வெளியே ஒட்டிக்கொண்டும் உள்ளே ஊறிக்கொண்டும் கிடந்த அதை மறுபடி சூடாக்கினால் களியாகாமல் வேறென்ன ஆகும்?

இனி, உங்கள் வீட்டின் உண்மையான பிரச்சினையான உப்புக்கு வருகிறேன். உடலுக்கு நல்ல சமையல் என்றால் நம்மில் பலர் முதலில் எண்ணெயில்தான் கை வைக்கிறோம். மீ கோரெங்கைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய சுமை சோடியம். ஒருவர் ஒரு நாளில் 2,000 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியமே உட்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்பாகக் கணக்கிட்டால் அது 5 கிராம். சிங்கப்பூரர்கள் சராசரியாக ஒரு நாளில் 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொண்டதாக 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் தெரியவந்தது. மேசைக்கரண்டி ஒன்று வெளிர் சோயா சாஸில் மட்டும் ஏறக்குறைய 900 முதல் 1,000 மில்லிகிராம் சோடியம் இருக்கும். கடை மீ கோரெங்கில் அது போக விழுதில் உப்பு, பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது), போத்தலில் வரும் மிளகாய் சாஸ், தக்காளி சாஸ் எல்லாம் உண்டு. மஞ்சள் மீயிலேயே உப்பும் காரநீரும் (மாவில் சேர்க்கும் அல்கலைன் நீர்) சேர்ந்திருப்பதால் அதுவும் தன் பங்குக்கு எதையாவது கொண்டுவரும். ஆகவே எங்கே குறைப்பது என்ற கேள்விக்கு, எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக என்று சொல்லாமல், விழுதை நீங்களே செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். விழுது உங்கள் கையில் இருந்தால் பெலாச்சான், மிளகாய் சாஸ், தக்காளி சாஸ் மூன்றையும் தொடவே வேண்டியதில்லை.

பன்னிரண்டு பேருக்கான விழுதின் அளவு இது. விதை நீக்கிய உலர்ந்த மிளகாய் 40 கிராம் எடுத்து, அதில் பாதி காஷ்மீரி மிளகாயாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் கூடும், காரம் கூடாது. அதை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். சின்ன வெங்காயம் 250 கிராம், பூண்டு 50 கிராம், பழுத்த தக்காளி 500 கிராம், வேகவைத்த ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு 200 கிராம், ஓர் எலுமிச்சை அளவு புளியைக் கரைத்த நீர் ஆகியவை வேண்டும். கிழங்கு எதற்கு என்று கேட்பீர்கள். மீ ரெபுஸ் என்னும் குழம்பு மீயில் குழம்பைக் கெட்டியாக்கி அதற்கு இனிப்புத் தருவது சர்க்கரைவள்ளிக் கிழங்குதான். அந்த யோசனையைத்தான் இங்கே கடன் வாங்கியிருக்கிறேன். தக்காளி சாஸ் தரும் இனிப்பையும் வழவழப்பையும் சர்க்கரை சேர்க்காமலே இது தந்துவிடும். பெலாச்சானுக்குப் பதிலாகக் கூனி (உலர்ந்த பொடி இறால்) 30 கிராமை இரண்டு முறை கழுவி, ஊறவைத்து, பிழிந்து சேர்க்கலாம். கடல் மணம் வரும். உப்பு அவ்வளவு வராது. பிள்ளைகளில் யாருக்காவது இறால் ஒவ்வாமை இருந்தால் இதை முற்றாக விட்டுவிடுங்கள்.

மிளகாய், வெங்காயம், பூண்டு, கூனி ஆகியவற்றை நைசாக அரைத்து, 100 மில்லிலிட்டர் எண்ணெயில் மிதமான தீயில் வதக்குங்கள். இதில் அவசரம் உதவாது. பச்சை வாசனை போய், விழுது கருஞ்சிவப்பாகி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வர இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். எண்ணெயை இதற்கு மேல் குறைத்தால் விழுது வதங்காமல் வேகும். வெந்த மிளகாயின் சுவை பச்சையாகவே இருக்கும். அந்தக் குறையை மறைக்க நம் கை தானாகவே உப்பைத் தேடிப் போகும். பன்னிரண்டு பங்காகப் பிரிக்கும்போது ஒருவருக்கு 8 மில்லிலிட்டர்தான் வருகிறது என்பதால் இந்த எண்ணெயை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். பிறகு தக்காளியையும் கிழங்கையும் அரைத்து ஊற்றி, புளிக்கரைசலையும் விட்டு, கெட்டியாகும் வரை கிளறுங்கள். உப்பு, தட்டையாக ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 6 கிராம், மொத்த விழுதுக்கும் அவ்வளவே. தலைக்கு ஏறக்குறைய 195 மில்லிகிராம் சோடியம் ஆகிறது. ஆறியதும் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டு வையுங்கள். என்னிடமுள்ள தட்டில் ஒரு கட்டி 25 கிராம் அளவு இருக்கும்; ஒருவருக்கு மூன்று கட்டிகள் போதும். மூன்று மாதம் வரை சுவை கெடாது. பூண்டும் எண்ணெயும் சேர்ந்த விழுதை மேசை மேல் போத்தலில் அடைத்து வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். காற்றில்லாத எண்ணெய்க்குள் பூண்டு இருப்பது, உயிருக்கே ஆபத்தான நச்சை உண்டாக்கும் ஒருவகைக் கிருமிக்கு மிக ஏற்ற இடம்.

மீயைப் பற்றி. ஈரச்சந்தையிலோ பேரங்காடியிலோ வாங்கும் மஞ்சள் மீ ஏற்கெனவே வெந்து, ஒட்டாதிருக்க எண்ணெய் தடவப்பட்டு வருவது. அதற்கு அந்த நிறத்தையும் சவ்வுத்தன்மையையும் தருவது காரநீர். கொதிக்கும் நீரில் அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்துவிட்டால் அந்தக் காரவாடையும், மேலிருக்கும் எண்ணெயில் பெரும்பகுதியும், கொஞ்சம் உப்பும் நீரோடு போய்விடும். கடையில் இதற்கென்றே ஒரு பெரிய பானை நாள் முழுவதும் கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் அவசரத்தில் அந்த மீயை வடித்த சூட்டோடு வாளியில் கொட்டி மூடிவிட்டேன். மதியம் திறந்தால் வாளியின் வடிவத்தில் ஒரு பெரிய கொழுக்கட்டை! மாமா ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கத்தியால் வெட்டி எடுத்து எனக்கே பரிமாறினார். வடித்த மீயை அகலமான தட்டில் பரப்பி, மின்விசிறியின் கீழ் ஆவி அடங்கும் வரை உலரவிட்டு, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து அடைப்பதுதான் முறை. இரண்டு நாள் நன்றாக இருக்கும். முழுக் கோதுமையில் செய்த உலர்ந்த நூடுல்ஸ் வாங்கினால், பொட்டலத்தில் சொல்லியிருப்பதைவிட ஒன்றரை நிமிடம் முன்னதாகவே வடித்து, குளிர்ந்த நீரில் அலசி மேலுள்ள பசையைப் போக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசிறி வையுங்கள். எந்த மீயானாலும் கிளறுவதற்கு முன் வெந்நீரை ஊற்றிப் பத்து நொடியில் வடித்தால் இழை இழையாகப் பிரியும். குளிர்ந்த கட்டியை அப்படியே வாணலியில் போட்டுக் கரண்டியால் குத்தினால் மீ துண்டு துண்டாக உடைந்துவிடும்.

அளவும் மாற வேண்டும். கடைத் தட்டில் மலைபோல் மீயும் பேருக்குக் காயும் இருப்பதுதான் வழக்கம். மாமாவும் அப்படித்தான் கொடுத்தார், குறை சொல்லிப் பயனில்லை. தட்டில் பாதி காயும் பழமும், கால்பங்கு முழுத்தானியம், கால்பங்கு இறைச்சி போன்ற புரத உணவு என்று சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் கணக்கை மீ கோரெங்கில் கொண்டுவருவது கடினமில்லை: ஒருவருக்கு வெந்த மீ 120 கிராம், காய் 150 கிராமுக்குக் குறையாமல். கோஸ், காரட் ஆகியவற்றை ஞாயிறன்றே நறுக்கி, ஈரமில்லாமல் துணியில் ஒற்றி, டப்பாவின் அடியில் சமையலறைக் காகிதம் ஒன்றை விரித்து வைத்தால் நான்கு நாள் தாங்கும். சாய் சிம்மின் தண்டையும் இலையையும் தனித்தனியே வையுங்கள். தவ்கே மட்டும் காத்திருக்காது. அன்றே வாங்கி அன்றே போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். உருளைக்கிழங்கு மாவுப்பொருள்தான் என்றாலும், அது இல்லாத மீ கோரெங்கை நம் ஊர் மீ கோரெங் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தலைக்கு மூன்று துண்டு போடுங்கள். ஆனால் அதை உறையவைக்காதீர்கள், மணல்போல் ஆகிவிடும்.

தாவ் குவாவை எண்ணெயில் பொரிக்காமல், துண்டாக்கி ஒரு தேக்கரண்டி எண்ணெயில் புரட்டி, ஏர் ஃபிரையரில் 200 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் மேல்தோல் இறுகிவிடும். மூன்று நாள் இருக்கும். தோல் நீக்கிய கோழித் தொடைக்கறியை வேகவைத்து வைப்பதும் அதே கணக்குதான். இறாலைப் பச்சையாகவே உறைய வைத்து, அன்று மட்டும் கரைத்துச் சமைக்க வேண்டும். இருமுறை சூடான இறால் ரப்பர். முட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது உடைத்த நிமிடமே வாணலிக்குப் போக வேண்டியது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் டப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதும் மேசை மேல் ஆறியதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். வெந்த மீயிலும் சோற்றிலும் வளரக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. நம் ஊர் வெக்கையில் உணவு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வெப்பநிலை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டிருக்கும் நேரம் நீள நீள ஆபத்து கூடும். ஆகவே தாழ்வான, அகலமான டப்பாக்களில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். பெரிய பாத்திரத்தை அப்படியே உள்ளே வைத்தால் நடுப்பகுதி இரவு வரை சூடாகவே இருக்கும். பிள்ளைகளுக்குக் காலை ஏழு மணிக்குக் கட்டிக்கொடுத்து அவர்கள் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுவதானால், ஆவி பறக்கச் சூடாக்கி, வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய வெப்பக் குடுவையில் அடைத்துக் கொடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் ஐந்தரை மணி நேரம் என்பது எனக்கு உடன்பாடில்லை.

இரவு வேலை இப்படி இருக்கும். விழுதுக் கட்டிகளை உறைபெட்டியிலிருந்து எடுத்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். வாணலி நன்றாகக் காய வேண்டும். இரண்டு பேருக்கு மேல் ஒரே முறையில் கிளறாதீர்கள், ஏனென்றால் வீட்டு அடுப்பின் தீ அதற்கு மேல் தாங்காது, காய் வதங்காமல் நீர்விட்டு நிற்கும். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கோஸ், சாய் சிம் தண்டு, காரட், தாவ் குவா ஆகியவற்றை ஒன்றரை நிமிடம் பெருந்தீயில் புரட்டி ஓரமாக ஒதுக்கி, நடுவில் முட்டையை உடைத்து அரைவேக்காட்டில் கலைத்துவிடுங்கள். கட்டிகளைப் போட்டு மூன்று மேசைக்கரண்டி நீர் விட்டு, கரைந்து கொதித்ததும் மீயைச் சேருங்கள். சோயா சாஸ் கடைசியில்தான் வர வேண்டும். தலைக்கு ஒரு தேக்கரண்டி வெளிர் சோயாவை மீயின் மேல் ஊற்றாமல், காய்ந்த வாணலியின் விளிம்பில் சுற்றி விடுங்கள். அது சுர்ரென்று கருகும் மணம்தான் கடை மணத்தில் பாதி. மேலும் உப்பு இழையின் மேற்பரப்பில் நின்றால் நாக்குக்கு உடனே தெரியும். உள்ளே ஊறிவிட்டால் அதே சுவைக்குக் கூடுதலாகத் தேவைப்படும். இந்த ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் சோடியம், விழுதில் 195. கூனியும் மீயும் கொண்டுவருவது இதற்கு மேல் இருக்கும். மீயின் கணக்கைப் பொட்டலத்தின் பின்புறத்தில் பார்த்து, குறைவாக உள்ளதை வாங்குங்கள். இலைகளைத் தூவி இரண்டு புரட்டு புரட்டி, அடுப்பை அணைத்து, சின்ன எலுமிச்சை ஒன்றைப் பிழிந்தால் உப்புக் குறைவு பெரிதாகத் தெரியாது.

இரவிலும் அடுப்பருகே நிற்க இயலாத நாளுக்கு, முழுவதும் கிளறி வைத்தே ஆக வேண்டுமென்றால், மஞ்சள் மீயை மறந்துவிட்டுப் பழுப்பரிசி பீஹூனுக்கு (மெல்லிய அரிசி நூடுல்ஸ்) மாறுங்கள். அதை வேகவைக்காமல் சாதாரண நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, விழுதில் கூடுதலாக நீர் கலந்து அதிலேயே வேகவிட்டு, சற்று விறைப்பாக இருக்கும்போதே இறக்க வேண்டும். கீரையும் தவ்கேயும் வேண்டாம், கோஸும் காரட்டும் போதும். மறுநாள் இரவு வரை வைத்திருக்கலாம். சூடாக்கும்போது ஒரு மேசைக்கரண்டி நீரைத் தெளித்து, மூடியைச் சற்றே திறந்து வைத்து மைக்ரோவேவ் அடுப்பில் இரண்டு நிமிடம் வையுங்கள். இறுகிய மாவுப்பொருள் அந்த ஆவியில் மறுபடி இளகும். பிள்ளைகள் இதை மீ கோரெங் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பீஹூன் கோரெங் என்று பெயரைச் சொல்லியே கொடுத்துவிடுங்கள்.

சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது நல்லதுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், இரத்த அழுத்தத்துக்கான சிலவகை மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் உடலில் பொட்டாசியம் ஏறிவிடக்கூடும். உங்கள் மாமியாரின் மருந்துப் பட்டியலை மருத்துவரிடமோ மருந்தகத்திலோ காட்டிக் கேட்ட பிறகு வாங்குங்கள். தட்டோரத்தில் வெள்ளரித் துண்டுகளோடு சிவப்பாக ஒரு குவியல் தக்காளி சாஸ் இல்லாமல் அவர் சாப்பிட மாட்டார் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பிடுங்க வேண்டாம். ஒரு மேசைக்கரண்டியில் 150 மில்லிகிராம் அளவுதான் சோடியம் இருக்கும். போத்தலை மேசையில் வைக்காமல், தேக்கரண்டியில் அளந்து நீங்களே வைத்துக் கொடுங்கள்.